ஒன்பது பெயர்களும் விடுபட்ட ஒரு பெயரும்

பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் வாய் பிளந்து பார்த்த பையன் ஒருவன் ஊருக்கு ஊர் உண்டு. “இவன் ஒருநாள் இந்தியாவுக்கு ஆடுவான்” என்று விவரம் தெரிந்தவர்களே சொல்லியிருப்பார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் அவன் பெயர் எங்கும் அடிபடாது. அவனோடு ஆடிய, யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத இன்னொருவன் தொலைக்காட்சியில் தெரிவான். சொன்னவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லையா? அல்லது பதினேழு, பதினெட்டு வயதில் ஒருவருடைய எதிர்காலம் யார் கண்ணுக்கும் பிடிபடாதா?

இதற்கு விடை தேட அமெரிக்க பேஸ்பாலைப்போல் வசதியான இடம் வேறு இல்லை. அங்கே இளம் வீரர்களை மதிப்பிடுவது ஒரு முழுநேரத் தொழில். எந்தச் சிற்றூரில் யார் எத்தனை பந்தை அடித்தார் என்பது ஏட்டில் இருக்கிறது. யாரைப் பற்றி யார் என்ன கணித்தார்கள் என்பதும் அச்சில் இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து எடுத்து வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம். இந்த அத்தியாயத்தில் அப்படி ஒரு பட்டியலைச் சரிபார்க்கப் போகிறோம்.

ஏணியும் பட்டியலும்

அமெரிக்காவின் உச்சக்கட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் கீழே பல படிகள் கொண்ட ஓர் ஏணி இருக்கிறது. அடிப்படியில் ரூக்கி லீக், அதற்கு மேல் சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. இவை எல்லாம் சேர்ந்தது மைனர் லீக். கோடிக்கணக்கில் பணம் வாங்கி ஒப்பந்தமான பையனும் சிறு நகரங்களில் பஸ் ஏறி இறங்கி, ஒவ்வொரு படியாகத்தான் மேலே வரவேண்டும். அப்படி ஏறிவருபவர்களில், மேஜர் லீகில் நிலைப்பார் என்று அணி நம்பும் இளைஞரை ‘ப்ராஸ்பெக்ட்’ என்பார்கள். நாம் ‘வளர்முக வீரர்’ என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தமாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒருநாள்கூட மேஜர் லீகில் ஆடாமலே வீடு திரும்புகிறார்கள். இதை மனத்தில் நிறுத்திக்கொள்ளாமல் எந்தக் கணிப்பையும் எடைபோட முடியாது.

‘பேஸ்பால் அமெரிக்கா’ என்ற பத்திரிகை 1990 முதல் ஒவ்வோர் ஆண்டும் தலைசிறந்த நூறு வளர்முக வீரர்களை வரிசைப்படுத்தி வெளியிடுகிறது. 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் ஒரே அணி ஒன்பது இடங்களைப் பிடித்தது. அந்த அணி கன்சாஸ் சிட்டி ராயல்ஸ். 1985இல் கோப்பை வென்றபின் அதுவரை இறுதிச்சுற்றுப் போட்டிகளின் வாசலைக்கூட மிதிக்காத அணி அது.

பட்டியலில் இருந்தவர்கள்: எரிக் ஹாஸ்மர் (8ஆம் இடம்), மைக் முஸ்டாக்கஸ் (9), வில் மையர்ஸ் (10), ஜான் லாம்ப் (18), மைக் மான்ட்கோமரி (19), கிறிஸ்டியன் கோலோன் (51), டேனி டஃபி (68), ஜேக் ஓடோரிஸி (69), கிறிஸ் டுவையர் (83). இவர்களில் லாம்ப், மான்ட்கோமரி, டஃபி, ஓடோரிஸி, டுவையர் ஐவரும் பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள்.

இந்த வரிசை எப்படிப் பிறந்தது?

கண் போடும் மதிப்பெண்

முதல் சாட்சி ஸ்கவுட். வீரர்களை நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது அவர் தொழில். பேட்டராக இருந்தால் ஐந்து திறன்களைப் பார்ப்பார்: பந்தைச் சரியாகத் தொடுவது, அடியின் பலம், ஓட்டம், எறியும் கை, களத்தடுப்பு. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். நூற்றுக்கு இவ்வளவு என்று போடாமல் ஏன் இப்படி ஒரு விநோதமான அளவுகோல்?

இதில் 50 என்றால் மேஜர் லீக் வீரர் ஒருவரின் சராசரித் திறன். மக்களின் உயரத்தை வரைந்தால் நடுவில் பலரும் இரு ஓரங்களில் சிலரும் இருப்பார்கள் அல்லவா? அதே மணி வடிவம்தான் இதற்கும் அடிப்படை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் 40க்கும் 60க்கும் நடுவில் அடங்கிவிடுவார்கள். 70ஐத் தாண்டுபவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். 80 என்பது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்கு அரிது. ஒரு ஸ்கவுட் 80 போட்டுவிட்டு வந்தால் அலுவலகத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவது அதனால்தான்.

ஸ்கவுட் ஒரு திறனுக்கு இரண்டு மதிப்பெண் போடுவார். ஒன்று இன்றைக்கு, இன்னொன்று முழு வளர்ச்சிக்குப் பிறகு. “அடியின் பலம்: இப்போது 30, பின்னால் 60” என்று எழுதுவார். முப்பதைப் பார்த்து எழுதுகிறார். அறுபதைத் தோள் அகலம், இடுப்பின் சுழற்சி, கையின் வேகம் இவற்றை வைத்து ஊகிக்கிறார். இரண்டு எண்களுக்கும் நடுவிலிருக்கும் அந்த இடைவெளியில்தான் இந்தத் தொழிலின் அத்தனை ஆபத்தும் இருக்கிறது.

ஒரு திறன் மட்டும் போதாது என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணமே உண்டு. 2008இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற ஈட்டி எறியும் இளைஞர்கள் இருவர், பந்தை வேகமாக எறியும் போட்டி ஒன்றின் வழியாகத் தேர்வாகி பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று படம்கூட வந்தது. கை வலுவானதுதான். ஆனால் பேட்டரை ஏமாற்றும் பந்துகளை நினைத்த இடத்தில் திரும்பத் திரும்பப் போடும் பழக்கம் சிறு வயதிலிருந்து ஊறவேண்டியது. இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை. பேஸ்பாலையே பார்த்திராதவர்கள் மைனர் லீகில் களமிறங்கியதே பெரிய காரியம் என்பது என் கருத்து.

எண்ணில் ஒளிந்திருக்கும் அதிர்ஷ்டம்

இரண்டாவது சாட்சி புள்ளிவிவரம். எண் பொய் சொல்லாது என்பார்கள். ஆனால் கொஞ்சமே கொஞ்சம் எண்களை வைத்துக்கொண்டு முடிவு கட்டினால் அது நம்மைக் கவிழ்த்துவிடும்.

பேஸ்பாலில் பேட்டிங் சராசரி என்பது கிரிக்கெட்டில் உள்ளதுபோல் அல்ல. அடிக்க வாய்ப்புக் கிடைத்த நூறு தடவையில் எத்தனை தடவை பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டினார் என்பதே கணக்கு. ஒருவருடைய உண்மையான திறன் நூற்றுக்கு 27 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்தில் 500 வாய்ப்புக் கிடைத்தால் 135 முறை வெற்றி பெறவேண்டும். நடைமுறையில் அப்படி அச்சாக வராது. நன்றாக அடித்த பந்து நேராக ஒருவர் கையில் போய் விழும். தப்பாகப் பட்ட பந்து ஆளில்லாத இடத்தில் விழும். இந்த அதிர்ஷ்டத்தை மட்டும் கணக்கிட்டால், மூன்றில் இரண்டு பருவங்களில் அவருடைய வெற்றி 125க்கும் 145க்கும் நடுவில் எங்காவது நிற்கும். மீதிப் பருவத்தில் அதற்கும் வெளியே போகும்.

125 என்றால் நூற்றுக்கு 25. “தேறமாட்டான் போலிருக்கிறது.” 145 என்றால் நூற்றுக்கு 29. “அடுத்த படிக்கு அனுப்புங்கள்.” ஆள் ஒருவர்தான். திறனும் மாறவில்லை. ஆறு மாதப் பருவத்தில், வாரத்துக்கு ஒரு பந்து எங்கே விழுந்தது என்பதில் தீர்ப்பே மாறிவிடுகிறது!

அதனால் விவரமறிந்தவர்கள் பேட்டிங் சராசரியைக் கடைசியாகத்தான் பார்ப்பார்கள். பந்தைத் தொடவே முடியாமல் எத்தனை முறை ‘ஸ்ட்ரைக் அவுட்’ ஆகிறார் என்பதை முதலில் பார்ப்பார்கள். அதில் அடுத்தவர் கையோ புல்தரையோ குறுக்கிடுவதில்லை. சில வாரங்களிலேயே அந்த எண் ஓரளவு உண்மையைக் காட்டத் தொடங்கிவிடும்.

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. எத்தனை வயதில்? எந்த மைதானத்தில்? டபுள் ஏ படியில் 20 வயதுப் பையன் சுமாராக ஆடுவது, 25 வயதுக்காரர் வெளுத்து வாங்குவதைவிட நல்ல சேதி. மைதானமும் அப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஆல்புகெர்கியில் காற்று அடர்த்தி குறைவு, பந்து கூடுதல் தூரம் பறக்கும். ராயல்ஸின் ஹை ஏ அணி அன்று ஆடிய டெலவேர் மாநில வில்மிங்டன் மைதானம் இதற்கு நேர் எதிர். பேட்டர்களுக்கு அது எமன். கறாராகத் திருத்தும் ஆசிரியரிடம் வாங்கிய அறுபதையும், தாராளமானவரிடம் வாங்கிய எண்பதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியாது அல்லவா? முஸ்டாக்கஸ் 2009 முழுவதும் வில்மிங்டனில் திணறினார். அடுத்த ஆண்டு மேல் படிகளுக்குப் போனதும் 36 ஹோம் ரன் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்து, மைனர் லீக் முழுவதிலும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

ஹாஸ்மரின் கண்கள்

எட்டாம் இடத்தில் இருந்தவரிடம் கொஞ்சம் நிற்போம். ஃபுளோரிடாவில் பள்ளிப் படிப்பை முடித்த எரிக் ஹாஸ்மரை, இளம் வீரர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் 2008 டிராஃப்டில் ராயல்ஸ் மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்தத்துக்கு 60 லட்சம் டாலர் கொடுத்தது. ஸ்கவுட்டுகள் அவருடைய அடியின் பலத்தைக் கண்டு சொக்கிப் போயிருந்தார்கள். 2009இல் முழுப் பருவமும் ஆட அனுப்பினார்கள். சராசரி நூற்றுக்கு 24தான் வந்தது. ஹோம் ரன் வெறும் ஆறு.

இப்போது அணியின் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். ஸ்கவுட் தவறாகப் பார்த்தாரா? அதிர்ஷ்டக் குறைவா? வில்மிங்டன் மைதானத்தின் வேலையா? அல்லது வேறு ஏதாவதா?

வேறொன்றும் இருந்தது. ஹாஸ்மருக்கு ஆஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் கோளாறு. கண்ணின் முன்புறம் இருக்கும் விழிவெண்படலம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு வளைந்திருக்கவேண்டும். ஒரு திசையில் கூடவோ குறையவோ வளைந்திருந்தால் ஒளி ஒரே புள்ளியில் குவியாது, உருவம் ஒரு பக்கமாக மங்கும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் இன்னும் மோசம்.

சாதாரண வாழ்க்கையில் இதோடு ஓட்டிவிடலாம். பேட்டரால் முடியாது. பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டருக்கும் இடையே 18.4 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டருக்குமேல் வரும் பந்து 0.4 வினாடியில் வந்துவிடும். மட்டையைச் சுழற்றவே ஏறத்தாழ 0.15 வினாடி போய்விடும். மிஞ்சிய கால் வினாடிக்குள் பந்தின் சிவப்புத் தையல் எப்படிச் சுழல்கிறது என்பதைப் பார்த்து, அது நேராக வருமா, வளையுமா, கடைசியில் அமுங்குமா என்று முடிவெடுத்தாக வேண்டும். தையல் மங்கலாகத் தெரிந்தால் எத்தனை பலமான கையும் உதவாது.

அந்தப் பருவம் முடிந்ததும் லேசர் சிகிச்சையில் பார்வை சரிசெய்யப்பட்டது. 2010இல் சராசரி நூற்றுக்கு 33.8. ஹோம் ரன் 20. ஸ்ட்ரைக் அவுட் ஆவது வெகுவாகக் குறைந்தது. 2011 வசந்தத்தில் டிரிபிள் ஏ படியில் 26 ஆட்டம் ஆடி நூற்றுக்கு 43.9 என்று அடித்தார். மே மாதமே மேஜர் லீகுக்கு வந்துவிட்டார்.

2009ஆம் ஆண்டு எண்கள் பொய்யானவை அல்ல. ஆனால் அவை சொன்னது ஹாஸ்மரின் திறனைப் பற்றி அல்ல, அவருடைய விழியின் வளைவைப் பற்றி. எண்ணைப் படிப்பவரும் ஆளைப் பார்ப்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசாவிட்டால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். கணக்குக்காரர்களுக்கும் ஸ்கவுட்டுகளுக்கும் இடையே நடந்த சண்டையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் நம்பிக்கை இல்லை. ‘என்ன நடந்தது’ என்று எண் சொல்லும். ‘ஏன்’ என்பதை யாராவது போய்த்தான் பார்த்துவர வேண்டும்.

பிட்சரின் முழங்கை

பேட்டர்களைக் கணிப்பது கடினம் என்றால், பிட்சர்களைக் கணிப்பது அதைவிடக் கடினம். காரணம் முழங்கையின் உட்புறத்தில் மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு சிறு தசைநார். முழு வேகத்தில் எறியும் ஒவ்வொரு முறையும் அது தன் தாங்கும் எல்லைக்குப் பக்கத்தில் போய் வருகிறது. ஒருநாள் கிழிகிறது. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் முன்கையிலிருந்து ஒரு தசைநாண் எடுத்து, கிழிந்த நாருக்குப் பதிலாகப் பொருத்தினார். அந்தச் சிகிச்சைக்கே இன்று ‘டாமி ஜான்’ என்றுதான் பெயர். குணமாகி முழுமையாகத் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும். எல்லோரும் பழைய வேகத்தோடு திரும்புவதில்லை.

ராயல்ஸ் பட்டியலின் 18ஆம் இடக்காரர் ஜான் லாம்புக்குப் பட்டியல் வந்த அதே 2011இல் இந்தச் சிகிச்சை நடந்தது. டஃபிக்கு 2012இல். டஃபி மீண்டு வந்து நெடுங்காலம் நன்றாக ஆடினார். லாம்ப் 2015இல்தான் மேஜர் லீகை எட்டினார், அதுவும் வேறு அணியில், கொஞ்ச காலமே. டுவையர் மேஜர் லீகில் ஆடியது மொத்தம் இரண்டு ஆட்டம். எந்த முழங்கை எப்போது கிழியும் என்று சொல்லும் அளவுகோல் எந்த ஸ்கவுட்டிடமும் இருந்ததில்லை.

ஒன்பதின் கணக்கு

இத்தனை நிச்சயமின்மைக்கு நடுவில் பட்டியலால் என்ன பயன்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். கற்பனைக்கு, இப்படிப்பட்ட ஒவ்வொரு வீரரும் அணியைத் தாங்கும் அளவுக்கு வளர மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒருவரை மட்டும் நம்பியிருந்தால், பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஒன்பது பேர் இருந்தால்? ஒருவர்கூடத் தேறாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. குறைந்தது இருவர் தேறும் வாய்ப்பு நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்டுகிறது. ஒன்பது பேரும் தேறுவதோ ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு வாய்ப்பு. யார் தேறுவார் என்று தெரியாது, சிலர் தேறுவார்கள் என்பது மட்டும் கிட்டத்தட்ட உறுதி. அணிக்கு அது போதும்.

அதற்காக விளைச்சலை ஒரே வடிவத்தில் அறுவடை செய்யவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2012 டிசம்பரில் ராயல்ஸ் தன் பட்டியலிலிருந்து மையர்ஸ், ஓடோரிஸி, மான்ட்கோமரி மூவரையும் டாம்பா பே அணிக்குக் கொடுத்து, ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் என்ற முதிர்ந்த பிட்சர்களை வாங்கியது. எதிர்காலத்தை அடகு வைத்துவிட்டார்கள் என்று பலர் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே மையர்ஸ் அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் என்ற விருதையும் வாங்கினார். கொதிப்பில் நியாயம் இருப்பதாகத்தான் அப்போது தோன்றியிருக்கும். ஆனால் 2014இல் ராயல்ஸ், மேஜர் லீக் கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் கடைசி ஆட்டம் வரை போய்த் தோற்றது. 2015இல் நியூயார்க் மெட்ஸை வென்று கோப்பையைத் தூக்கியது. அந்தத் தொடரின் கடைசிப் பந்தை வீசியவர் வேட் டேவிஸ். லாம்பும் அந்த வெற்றியில் இருக்கிறார்: ஜூலையில் அவரையும் இன்னும் இருவரையும் கொடுத்து வாங்கிய ஜானி குவேட்டோதான் இரண்டாவது ஆட்டத்தை முழுதாக வீசி முடித்தார். மான்ட்கோமரியோ 2016இல் சிகாகோ கப்ஸின் 108 ஆண்டுக் கோப்பை ஏக்கம் தீர்ந்த ஆட்டத்தின் கடைசி அவுட்டை எடுத்தார்.

பட்டியலில் இல்லாதவர்

2015 தொடரின் சிறந்த வீரர் விருது அந்த ஒன்பது பேரில் யாருக்கும் போகவில்லை. பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் சால்வடார் பெரஸுக்குப் போனது. 2006இல், 16 வயதில், வெனிசுவேலாவில் 65,000 டாலருக்கு ஒப்பந்தமானவர் அவர். ஹாஸ்மருக்குக் கொடுத்ததில் நூறில் ஒரு பங்கு சொச்சம். பட்டியல் வெளிவந்த அதே ஆண்டு ஆகஸ்டில் மேஜர் லீகுக்கு வந்துவிட்டார். 2021இல் 48 ஹோம் ரன் அடித்தார்.

அவரை ஏன் தவறவிட்டார்கள்? கேட்சரின் வேலையில் பெரும்பகுதி ஸ்கோர் ஏட்டில் ஏறாது. பிட்சரை வழிநடத்துவது, தரையில் குத்திவரும் பந்தை உடம்பால் தடுப்பது, பந்து கையுறையில் விழுந்த கணத்திலிருந்து சுமார் இரண்டு வினாடிக்குள் 39 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டாம் பேஸுக்கு அதை அனுப்புவது, இவற்றையெல்லாம் கற்றுத்தேறப் பல வருடம் பிடிக்கும். அதனால் கேட்சர்களின் பேட்டிங் தாமதமாகத்தான் முதிரும். கண்ணுக்குத் தெரிந்தது ஒரு சுமாரான பேட்டர். தெரியாதது, அடிப்பதைப் பிறகு கற்றுக்கொள்ளப்போகும் ஓர் அருமையான கேட்சர்.

அந்தத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், பன்னிரண்டாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 2–2. பெரஸ் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸுக்குப் போனார். அவருக்குப் பதிலாக ஓட ஜாரட் டைசன் வந்தார். 2006 டிராஃப்டில் ஐம்பதாவது சுற்றில், அதாவது கடைசிச் சுற்றில் எடுக்கப்பட்டவர் டைசன். அவரிடம் இருந்த ஒரே பெரிய திறன் ஓட்டம். உடனே, பிட்சர் பந்து வீசும் நேரத்தில் ஓடி, இரண்டாம் பேஸைத் ‘திருடினார்’. அடுத்த அவுட்டில் மூன்றாவதை எட்டினார். அப்போது பிட்சர் லூக் ஹோச்சேவருக்குப் பதிலாகக் கோலோன் மட்டையை எடுத்துவந்தார். ஹோச்சேவர் டைசனை எடுத்த அதே 2006 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வானவர். பெரிய நட்சத்திரமாவார் என்று எதிர்பார்த்து, கடைசியில் இடையில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் வீசும் பிட்சராக நின்றவர். கோலோன் 51ஆம் இடக்காரர், பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அந்த ஆண்டின் இறுதிச்சுற்றுப் போட்டிகளில் அதுவரை ஒருமுறைகூட அவர் பேட் செய்யவில்லை. இடப்பக்கம் ஒரு சிங்கிள் அடித்தார். டைசன் வீடு வந்து சேர்ந்தார். ராயல்ஸ் முன்னிலை பெற்று, அந்த இன்னிங்ஸிலேயே இன்னும் நான்கு ரன் சேர்த்து, 7–2 என்று வென்றது. வெற்றி பெற்ற பிட்சர் என்று ஏட்டில் பதிவானது ஹோச்சேவரின் பெயர்.